கவரின் மேல் ஒரு கையெழுத்து

ஒரே ஒரு ஊராம். அந்த ஊரில் ஒரு லாண்டரியாம். அந்த லாண்டரிக்காரம்மாவுக்கு மூன்று வேளையும் சந்தேகம்தான் சாப்பாடாம்.

சும்மா சொல்லவில்லை. துவைக்க வரும் சட்டைப் பையில் கிடக்கிற துண்டுச் சீட்டை வைத்தே, அந்த வீட்டில் யார் யாரிடம் என்ன பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள். இருபது வருஷத் தொழில் அப்படி.

அவளுக்கு ஒரே மகள். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, உதவித்தொகையோடு கல்லூரியில் இடம் கேட்டிருந்தாள். மூன்று ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒட்டிய கவரில் வந்து சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் குப்பைக்கூடைக்குத்தான்.

ஆங்கில ஆசிரியை கேட்ட அன்றே எழுதிக் கொடுத்தார். கணக்கு வாத்தியாரும் அப்படியே. இரண்டு பேருமே, “படிச்சுப் பாத்துட்டு நீங்களே ஒட்டிக்கங்க” என்று சொல்லிவிட்டார்கள். முத்து, ரத்தினம் என்று இரண்டிலும் ஒரே புகழ்மாலை. ஒன்றில் போன வருஷம் கடிதம் வாங்கிய பையன் பெயரே அடித்துத் திருத்தாமல் கிடந்தது. ஆனாலும் அம்மாவுக்குத் திருப்தி.

இயற்பியல் வாத்தியார்தான் இழுத்தடித்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘பூட்டு’. வாயைத் திறக்கவே மாட்டார். போன பருவத்தில் மகளுக்கு நான்கு மதிப்பெண் குறைத்துவிட்டார் என்று, பெற்றோர் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்திருந்தாள். அன்றைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவர் மகளைக் கூப்பிட்டு, கடையை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், நீ எங்கே உட்கார்ந்து படிப்பாய் என்றெல்லாம் விசாரித்தாராம்.

“படிப்பைப் பத்தி எழுதறவருக்கு நம்ம கடை எத்தனை மணிக்குத் திறந்தா என்னடி?”

“அவர் அப்படித்தாம்மா. கேட்டுட்டுப் பேசாம இருப்பார்.”

“பேசறவனை நம்பலாம். பேசாதவன் மனசுக்குள்ள எழுதி வெச்சிருப்பான்.”

பதினோரு நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில் கவர் வந்தது. மடிப்பை நன்றாக ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் பேனா மையால் கையெழுத்தும் போட்டிருந்தார். அம்மா அதை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பழைய சண்டைக்கு இன்றைக்குக் கணக்குத் தீர்க்கிறார் மனுஷன் என்று அடித்துச் சொன்னாள். விதிமுறையே அப்படித்தான் என்று மகள் சொன்னது காதில் ஏறவில்லை.

மதியம் மகள் போட்டோ எடுக்கப் போனாள். அம்மா ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஸ்டீம் இஸ்திரிப்பெட்டியைக் கவருக்கு மேலே காட்டினாள். அரை நிமிஷத்தில் மடிப்பு நெகிழ்ந்து திறந்துகொண்டது.

இரண்டு பக்கம். நின்றபடியே படித்தவள், முடிவுக்கு வரும்போது முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

‘ஒரு தேர்வில் நான் கூட்டலில் தவறி இவளுக்கு நான்கு மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்டேன். இவளே வந்து குறைக்கச் சொன்னாள். வீட்டில் திட்டு விழும் என்று தெரிந்தும் சொன்னாள். இதைக் கற்றுக்கொடுத்தது நானல்ல, இவள் வீடு. அந்த வீட்டின் நேர்மையை நம்பித்தான் இந்தக் கடிதத்தை அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.’

கவரைத் திருப்பினாள். ஆவி பட்டுக் கையெழுத்து நீலமாகக் கரைந்து ஓடியிருந்தது. எந்தத் துணியில் எந்தக் கறை என்றாலும் எடுத்துவிடுகிறவளுக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்படியே பள்ளிக்கு ஓடினாள். ஆசிரியர் அறையில் பூட்டு மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“தண்ணி பட்டுடுச்சு சார். லாண்டரி பாருங்க, எங்க பாத்தாலும் ஈரம்.”

அவர் கவரை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். மடிப்பு மட்டும்தான் நெளிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று இருந்தது. உள்ளே தாளின் மேலோரத்திலும் மை லேசாகப் பரவியிருந்தது. ஒன்றும் கேட்காமல் புதுத் தாள் எடுத்து, பழையதைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். அம்மா நின்றுகொண்டே இருந்தாள். இரண்டாம் பக்கத்தின் முடிவில் பேனா நின்றது.

“கடைசி வரியையும் அப்படியே எழுதிடட்டுமாம்மா?”

எந்த வரி சார் என்ற கேள்வி நுனிநாக்கு வரைக்கும் வந்தது. அதைக் கேட்டுவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால் மனுஷன் தாளைக் கிழித்துப் போட்டாலும் போடலாம். நாளைக்குக் கடைசி நாள்.

“அது வேண்டாம் சார்.” குரல் இறங்கிவிட்டது. “தண்ணி படலை. நான்தான் பிரிச்சேன். உங்களைத் தப்பா நெனச்சிட்டேன். எம் பொண்ணுக்கு இது தெரியாது. அவளைப் பத்தி எழுதினதை மட்டும் மாத்திடாதீங்க.”

பூட்டு நிமிரவில்லை. பேனா மறுபடி ஓடியது. என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்க, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவளுக்குத் தோன்றவில்லை. தாளை மடித்தார், புதுக் கவரில் போட்டார், பசை தடவி ஒட்டினார், மேலே கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதிவிட்டு நீட்டினார்.

மணி அடித்தது. அவர் சாக்பீஸ் டப்பாவோடு எழுந்தார்.

“அந்த வரி இருக்கும்மா. முன்னே நம்பி எழுதினேன். இப்போ தெரிஞ்சு எழுதியிருக்கேன்.”

சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்து நடந்தார்.