நாலாவது அடுக்கு

"என்னடா இது குப்பை?" என்று கேட்டுக்கொண்டே செல்லப்பாக்கியம் அந்த அட்டையைச் சாப்பாட்டு மேசையில் போட்டாள்.

லக்ஷ்மன் கடித்த ரொட்டியோடு நிமிர்ந்து பார்த்தான். கையால் செய்த வாழ்த்து அட்டை. வெள்ளை அட்டைமேல் ஊதாக் காகிதம், அதன்மேல் ரோஜா நிறம், எல்லாவற்றுக்கும் மேலே மேடாகத் தெரியும்படி ஒட்டிய சிவப்பு இதயம். உள்ளே 'என் உயிருக்கு' என்று பேனாவால் எழுதியிருந்தது. யாருக்கு, யாரிடமிருந்து என்று பெயர் எதுவும் இல்லை.

"காடி சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. உங்கப்பா கோயில் கமிட்டிக்குன்னு வாரம் பூரா ஓட்டற காடி. நேத்து ஒரு நாள் உன்கிட்ட குடுத்தா இதுதான் பண்ணுவியா? யாருடா அந்த உயிரு?"

தம்போய் என்ற அந்த ஊரில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறாள் செல்லப்பாக்கியம். அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், கணவர் தியாகராஜா அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதை ஒரு தடவை சொன்னால் ஊருக்குப் புரியாது என்று நினைப்பவள். இன்று சாயந்திரம் நாலு மணிக்குக் குகநாதன் வீட்டார் தங்கள் டாக்டர் மகள் சாந்தினிக்கு லக்ஷ்மனைப் பேசி முடிக்க வருகிறார்கள்.

லக்ஷ்மன் அந்த அட்டையை இதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் நேற்று அவன் காதலி மலர் அந்தக் காரில் வந்தாள். சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தபோது அவனுக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. நாலு மணிக்குள் சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே முடியாது.

"பேரு மலர், அம்மா. கூலாய்ல இருக்கா, சினாய் பக்கம் ஃபேக்டரியில சூப்பர்வைசர். கட்டிக்கிட்டா அவளத்தான் கட்டிக்குவேன்."

"அப்பன் யாரு?"

"வேலுன்னு பேரு. செம்பனைத் தோட்டத்துல லோரி ஓட்டினவர்."

"அதானே பாத்தேன். அட்டையிலயே தெரியுதே. நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னா கடையில லட்சணமா ஒண்ணு வாங்கிக் குடுக்கும்."

"அம்மா, கையால செஞ்சது லா. எவ்ளோ நேரம் உக்காந்திருப்பா."

"வேல வெட்டி இல்லாதவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? இங்க பாரு, ஓரம் கோணல். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியல. பசை வழிஞ்சு காகிதம் சுருங்கிப் போயிருக்கு. தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ள இதவிட நல்லாச் செய்யும். இவளா நாளைக்கு வந்து என் அடுப்படியில நிப்பா?"

"நான் அவகூடத்தான் இருக்கப் போறேன். உங்க அடுப்படியில இல்ல."

செல்லப்பாக்கியம் இதை எதிர்பார்க்கவில்லை. சாய்வு நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அங்கே தியாகராஜா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க மகன் பேசறதக் கேட்டீங்களா?"

"கேட்டேன்." பேப்பர் கீழே இறங்கவில்லை. "இங்க பாரு தம்பி, மனுஷனுக்கு ஒழுக்கம்தான் முக்கியம். வீட்டுக்குத் தெரியாம பழகறதெல்லாம் நம்ம குடும்பத்துல கிடையாது."

அம்மா கத்துவாள் என்று லக்ஷ்மனுக்குத் தெரியும். அப்பாவாவது ஒரு வார்த்தை தன் பக்கம் பேசுவார் என்று நம்பியிருந்தான்.

"அப்பா, ஒரே ஒரு தடவ கூலாய்க்கு வாங்க. அவங்க வீட்டாளுங்களப் பாருங்க. பிடிக்கலன்னா அப்புறம் சொல்லுங்க."

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல." தியாகராஜா எழுந்து வந்து கையை நீட்டினார். "பாக்கியம், அத இப்படிக் குடு. குகநாதன் வர்ற நேரத்துல இதெல்லாம் வீட்டுல கிடக்கக் கூடாது. நானே கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு வரேன்."

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவர் குப்பைத் தொட்டிப் பக்கம் போனதே கிடையாது. செல்லப்பாக்கியத்துக்கு மனது குளிர்ந்துவிட்டது.

"பாத்தியாடா, உங்கப்பாவுக்கு எவ்ளோ கோவம்னு?" என்றாள். "இருங்க. இந்த மகாராணியோட லட்சணத்த இவனுக்குக் காட்டிட்டுத் தரேன்."

இதயத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தாள்.

"அம்மா, பிய்க்காதீங்க."

"பாக்கியம், வேணாம்."

அப்பாவும் மகனும் ஒன்றாகச் சொன்னார்கள். அவள் இரண்டு பேரையும் லட்சியம் செய்யவில்லை. இதயம் கையோடு வந்தது.

"கீழ என்ன? ஸ்பாஞ்சு டேப்பு. மேடா தெரியணும்னு நாலு துண்டு வெட்டி ஒட்டியிருக்கா. பெரிய வித்தை." ரோஜா நிறத்தைக் கிழித்தாள். "இது பளபளன்னு இருக்கே, பாத்தியா? பரிசு சுத்தி வந்த காகிதம். எச்சில் காகிதம்." ஊதாவையும் கிழித்தாள். "உள்ள கனத்துக்கு பிஸ்கட் பெட்டி அட்டை. பிச்சைக்காரத்தனம்."

லக்ஷ்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க என்ன கிழிச்சாலும் நான் அவளத்தாம்மா கட்டுவேன்."

பிஸ்கட் அட்டைக்கும் கடைசி வெள்ளை அட்டைக்கும் நடுவில் சின்னதாக ஒரு பை வைத்து ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு புகைப்படம் நழுவி மேசையில் குப்புற விழுந்தது.

"படம் வேறயா? காட்டு, கூலாய் அழகிய நானும் பாத்துக்கறேன்." செல்லப்பாக்கியம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைத் திருப்பினாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

லக்ஷ்மன் எட்டிப் பார்த்தான். படத்தில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதாவது இருக்கும். அவளை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. அவள் சாய்ந்திருந்தது தியாகராஜாவின் தோளில்.