ஐந்து விநாடி

குழு முதலாளி வாங்கித் தந்த புது கிட்டாரில், கல்யாணக் கச்சேரி மேடையில் ஒரு பாட்டு முடிந்து எட்வின் பொத்தானை அமுக்கியதும், கம்பிகளை முறுக்கும் ஆறு திருகாணிகளும் தாமாகவே சுழன்றன.

"என்னடே, கிட்டாருக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்று டிரம்ஸ்காரன் வாயைப் பிளந்தான். கீபோர்டுக்காரர் கைதட்டினார். ஐந்தே விநாடியில் சுருதி சேர்ந்துவிட்டது.

எட்வின் மட்டும் கைதட்டவில்லை. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும், பாடகி கோமதி அக்காவுக்கு மூச்சிரைப்பு அடங்கும்வரை, சரியாக இருக்கும் கம்பியையே அவன் பொய்யாகத் திருகிக்கொண்டிருப்பான். பதினோரு வருஷமாக அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது.

டிரம்ஸ் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது. நெஞ்சைப் பிடித்தபடி அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருங்கடே, சுருதி போச்சு!" என்று கத்தி, எட்வின் ஒரு கம்பியைத் தளர்த்தினான். பொத்தான் இன்னும் போட்டபடியே இருந்ததால், அவன் விரலை மீறித் திருகாணி சுழன்று சரியான இடத்தில் நின்றது.

மூச்சிரைப்பு அடங்காமலேயே அக்கா மைக்கைத் தூக்கினாள்.