நாற்பது குச்சிகள்

திராட்சைத் தோட்டத்தில் சம்பளமில்லாமல், தொண்டாக, கொடிக் குச்சிகளை நட அவளும் கணவரும் வந்திருந்தார்கள். கணவர் நட்ட வரிசையைப் பார்த்தாள். நாற்பது குச்சிகளும் தலைகீழ்! 'ஒண்ணாவது உருப்படியா வருதா உங்களுக்கு?' என்று கேட்க வந்தவள், வாயை மூடிக்கொண்டாள். அவர் சாப்பிடப் போனதும் அத்தனையையும் பிடுங்கி, தன் வரிசையைப் போலவே திருப்பி நட்டாள். இருபது வருட மணவாழ்வில் சொல்லிக்காட்டாமல் செய்த முதல் உதவி. மனசு லேசாக இருந்தது.

கணவர் சாப்பிட்டுத் திரும்பியபோது, தோட்டத்து மேற்பார்வையாளர் மற்ற ஆட்களோடு அவரிடம் வந்தார்.

"சார், காலையில உங்க வரிசை மட்டும்தான் சரியா இருந்துச்சு. காட்டலாம்னு எல்லாரையும் கூட்டிட்டு வந்தா, இப்படித் தலைகீழா நிக்குதே! யார் பார்த்த வேலை?"

அவள் கைகளைப் பின்னால் ஒளித்தாள். அவள் நகத்து மண்ணைக் கணவர் பார்த்துவிட்டார்.

"நான்தாங்க. வீட்டுக்காரம்மா வரிசையைப் பார்த்ததும், நான் நட்டதுதான் தப்புன்னு மாத்திட்டேன். இருபது வருஷப் பழக்கம்."