பின்சீட்டுக் காற்று

டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கொண்டது.

அதுதான் சரளாவுக்கு எரிச்சலாக வந்தது.

ஹைப்ரிட் கார். பின்சீட்டுக்கு அடியில் பெரிய பேட்டரி. அது கொதிக்காமல் இருக்க, சீட்டின் ஓரத்தில் கதவை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். உள்ளே ஃபேன் இழுக்கிறதா என்று பார்க்க அவளுக்கு மெஷின் எல்லாம் வேண்டாம். டிஷ்யூ ஒன்றைக் கொண்டுபோய்ப் பிடிப்பாள். இழுத்தால் ஒட்டும், இல்லாவிட்டால் விழும்.

நன்றாகத்தான் இழுக்கிறது. பிறகு என்ன கேடு இந்த வண்டிக்கு?

அவள் பட்டறைக்கு இது மூன்றாவது தடவையாக வருகிறது. ஓட்டினால் பேட்டரி சூடேறிச் சிவப்பு விளக்கு எரிகிறது என்பார்கள். இங்கே வந்து நின்றால் ஒன்றுமே இருக்காது. பல் டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி விட்டுப்போகுமே, அந்தக் கதை. ஃபில்டரைக் கழுவினாள். ஃபேனையே மாற்றினாள். தனியாக ஓட்டியும் பார்த்தாள். ஊஹும்.

வண்டிக்காரர் ரங்கதுரை பக்கத்தில் நின்றார்.

போன வருஷம் ஆறு வயதுப் பையனைக் காய்ச்சலில் பறிகொடுத்தவர். இந்த நீல நிறத்தைக் கடையில் கைகாட்டியதே அவன்தான். இப்போது வீட்டில் எல்லோரும் அதை விற்றுத் தொலைக்கச் சொல்கிறார்கள். இந்தத் தடவையும் சரியாகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மச்சான் வாங்குகிற ஆளைக் கூட்டிவந்துவிடுவாராம். வண்டி மட்டும் கையை விட்டுப் போகக் கூடாது அம்மிணி என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.



நீங்களே ஓட்டுங்கண்ணா, நான் கூட வருகிறேன் என்றாள். கை கழுவி, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தயாராக உட்கார்ந்திருந்தார்.

பொள்ளாச்சி ரோடு. பட்டப்பகல். மண்டையைப் பிளக்கிற வெயில்.

முதலில் ஒன்றுமில்லை.

பாலம் தாண்டியதும், வண்டியோடு இணைத்திருந்த லேப்டாப்பில் பேட்டரியின் சூடு ஏறுவது தெரிந்தது. ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது. இரைந்து என்ன பிரயோஜனம், காற்று உள்ளே போகவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் யாரும் இல்லை. இடது பக்கத்து பெல்ட் மட்டும் போட்டிருந்தது.

குறுக்கே இழுத்து, கொக்கியில் மாட்டி, ஒழுங்காக. டிஷ்யூவைப் பிடித்தபோது அது ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்ததை அவளே பார்த்திருந்தாள்.

அப்புறம்தான் பிடிபட்டது. சீட் உறை. எவனோ அளவெடுக்காமல் தைத்துக் கொடுத்த தொளதொள உறை. பெல்ட்டைப் போட்டால் உறையின் ஓரமும் இழுபட்டுத் துவாரத்தை மூடிவிடுகிறது. அவிழ்த்தால் விலகிக்கொள்கிறது. பட்டறையில் நிற்கிற வண்டிக்கு யார் பின்சீட்டில் பெல்ட் போடப் போகிறார்கள்? அட, இதற்கா இந்தப் பாடு.

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது.

அது பையன் உட்காருகிற இடம். காலி சீட்டுக்குப் பெல்ட் போட்டுவிட்டுத்தான் இந்த மனுஷன் தினமும் வண்டியை எடுக்கிறார். அவள் கை கழுவப் போயிருந்தபோதும் அதைத்தான் செய்திருக்கிறார். பாவம்.

புளியமர நிழலில் ஓரங்கட்டச் சொன்னாள். இன்ஜின் அடங்கியது. பின்னால் ஃபேன் மட்டும் அடங்கவில்லை.

நல்ல சேதியை முதலில் சொன்னாள். பேட்டரி தங்கமாக இருக்கிறது, வண்டியை விற்க வேண்டிய அவசியமே இல்லை என்றாள். அவர் கண் நிறைந்துவிட்டது. பிறகு உறையைப் பற்றிச் சொல்லி, அந்த பெல்ட்டைப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று, கூடிய மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

ரங்கதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளங்காமல் அவளைப் பார்த்தார்.

"நான் போடலீங்களே அம்மிணி. அவன் போனதுக்கப்புறம் பொறகால சீட்டுப் பக்கமே நான் போறதில்லீங்க."

லாரி ஒன்று கடந்து போனது. கார் லேசாக ஆடி நின்றது.

சரளா இறங்கிப் பின்கதவைத் திறந்தாள்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது. பெல்ட் சுருளும், உறை விலகும், காற்று போகும். கை அதுவரைக்கும் போய்விட்டது.

முன்னாலிருந்து பார்த்தபோது தெரியவில்லை. காலி சீட்டின் மேல் படிந்து கிடக்க வேண்டிய பெல்ட், சீட்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நின்றது.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. போட்டது போட்டபடி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள், பொய் சொல்வானேன்.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப வித்துப்போடணுங்களா?"

அவள் கையைப் பின்னுக்கு எடுத்தாள்.

"எதுக்குங்ண்ணா? துணியிலதான் கோளாறு. கொஞ்சம் வெட்டி உட்டாப் போதும்."

லேப்டாப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். துவாரத்தை மூடியிருந்த துணியை மட்டும் சுற்றி வெட்டினாள். முனை சீட்டுப் பக்கம் பட்டுவிடாமல் இடது கையைக் குறுக்கே அணைகொடுத்து, அவசரப்படாமல் வெட்டினாள். துண்டுத் துணி கையோடு வந்தது. ஃபேனின் இரைச்சல் தணிந்தது. காற்று உள்ளே போகத் தொடங்கியது.

பெல்ட்டை அவள் அவிழ்க்கவில்லை. கதவை அறையாமல், தள்ளி அழுத்திச் சாத்தினாள்.

முன்னால் வந்து உட்கார்ந்து, பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டச் சொன்னாள்.