உடம்புக்குள் ஒரு மணிக்கூடு

வயல் வட்டையைப் பார்த்துவிட்டு வந்த கந்தப்போடியார், வெயில் ஏறியும் மருமகன் நிதுர்ஷன் தூங்குவதைக் கண்டு பொரிந்து தள்ளினார்.

"பொண்டாட்டி வீட்டோட வந்திருக்கிற மாப்பிள்ளை எழும்புற நேரமா இது? ஊரே சிரிக்குது!"

"மெல்லக் கதையுங்க அப்பா," என்றாள், பின்னேர வகுப்பில் உயிரியல் படிப்பிக்கும் மகள் கம்சாயினி. "சில ஆக்கள்ட உடம்பு மணிக்கூடு பிந்தித்தான் ஓடும். அது மரபணுவில வாறது, சோம்பலில்லை."

"அப்ப அது சோம்பேறிப் பரம்பரை! நீ என்ட இரத்தம். நான் எழும்ப முந்தியே வாசல் கூட்டி, தேத்தண்ணி ஊத்தி வைக்கிறாய். இவன் நமக்கு வேணாம். தாய்ட வீட்டுக்கே போகட்டும்!"

கம்சாயினி வாய் திறந்தாள். எழுந்து வந்த நிதுர்ஷன் அவளைக் கண்ணால் தடுத்தான். "சரி மாமா" என்று பையைத் தூக்கிக்கொண்டு தாயின் ஊரான களுதாவளைக்குப் பஸ் ஏறினான்.

மறுநாள் விடியமுன் போடியார் எழும்பியபோது வாசலெல்லாம் சருகாகக் கிடந்தது. அடுப்பில் நெருப்பில்லை. மகளின் அறையிலிருந்து குறட்டை கேட்டது.

"பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"அவளுக்கென்ன?" என்றாள் மனைவி புஸ்பம். "சின்னதிலயிருந்தே வெயில் ஏறாம எழும்பமாட்டாள். நீங்க ஏசுவீங்களெண்டு அவள்ட வேலையெல்லாம் முந்தி நான் செய்தன். என்ட முழங்கால் ஏலாமப் போனபிறகு, மருமகன்தான் விடியமுன் எழும்பிச் செய்துபோட்டுத் திரும்பப் படுக்கிறவர்."

போடியார் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப அது உன்ட குடிவழிக் கோளாறு. எங்கட ஊர் வழக்கத்தில பிள்ளை தாய்ட குடிதானே, தகப்பன்ட குடியில்லையே!"

"ஓம்." புஸ்பம் விளக்குமாற்றை அவர் கையில் திணித்தாள். "மருமகனைப் பிறகு போய் அழைச்சு வாங்க. முதல்ல, எழும்பின குடி வாசலைக் கூட்டட்டும்."