தவநாயகி சொன்ன 'இல்லை'

'இல்லை' என்ற ஒரு சொல்லைக் கேட்டு நீங்கள் எப்போதாவது துள்ளிக் குதித்திருக்கிறீர்களா?

நான் குதித்தேன். ஈஸ்ட் ஹாமில், பிள்ளைத்தாய்ச்சிகள் வருகிற கிளினிக்கின் பின்னறையில், தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச் மாதம்.

எதிரே தவநாயகி இருந்தாள். ஊரிலிருந்து வந்து முதல் குளிர் இன்னும் முடியவில்லை. வயிறு இப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது.

"இந்தப் பிள்ளை தங்குவதற்கு முதல், ஒரு பிள்ளை வேண்டும் என்று விரும்பினீர்களா?"

ஆங்கிலக் கேள்வியை நான்தான் தமிழில் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"இல்லை அக்கா."

என் பேனா கீழே விழுந்தது.

அதுவரை வந்த அத்தனை பெண்களும் 'ஓம், விரும்பினேன்' என்றே சொல்லியிருந்தார்கள். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று வந்தவளும் அதைத்தான் சொன்னாள். அழுது வீங்கிய கண்ணோடு வந்த ஒருத்தியும் அதைத்தான் சொன்னாள். எல்லோரும் வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோயிலில் என்னைக் காண்கிறவர்கள்.

கேள்விகளைத் தயாரித்த டொக்டர் கத்தரினுக்கு இது சரியாகப் படவில்லை. வருகிற எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது, உங்கள் தமிழில்தான் ஏதோ பிழை என்றார். அன்றைக்குள் பதில்களில் ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டால் தமிழ் வினாக்கொத்தை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார்.

நிறுத்தினால் பழையபடி புருஷன்மார்தான் மொழிபெயர்ப்பார்கள். டொக்டர் பெண்ணிடம் கேட்பார், அவன் 'யெஸ், யெஸ்' என்பான். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கும் இந்த வேலை போய்விடும். இது கிடைப்பதற்கு முன்பு, என் கணவர் பெற்றோல் நிலையத்துக்குப் போனபிறகு வீட்டில் என்னோடு கதைப்பதற்கு ரேடியோ மட்டும்தான் இருந்தது.

கேள்வி விளங்கியதா என்று அறிய, அதைச் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லவைப்பது எங்கள் வழக்கம். தவநாயகியைச் சொல்லச் சொன்னேன்.

"பிள்ளை வேணுமெண்டு எனக்கு ஆசை இருந்ததோ எண்டு கேக்கிறியள். இவருக்கில்லை, மாமிக்கில்லை, எனக்கு. அதுதானே?"

"ஓம், ஓம்! அதேதான்!"

"அப்ப இல்லைதான். வந்து இறங்கி எனக்கொரு கோட்டுக்கூட வாங்கேல்லை. அதுக்குள்ள பிள்ளையோ?"

அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் பயந்துபோனாள்.

"ஏனக்கா, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"இல்லையடி, இல்லை! நல்ல பதில்!"

அவளுக்குப் பேறுகாலத் தாதியோடு தனியே கதைக்க நேரம் எடுத்துக்கொடுத்துவிட்டு, நடைபாதையில் ஓடினேன். சப்பாத்து ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக் கத்தரின் எழுந்து நின்று கை தட்டினார். தமிழில் பிழை இல்லை, இனி நிறுத்தத் தேவையில்லை என்றார். பிஸ்கட் பெட்டியை முழுதாக என் பக்கம் தள்ளினார்.

அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மனிசியைப் பார்த்துக்கூடச் சிரித்தேன்.

அடுத்த நாள் காலை, கிளினிக் திறப்பதற்கு முன்பே தவநாயகி வாசலில் நின்றாள். கோட்டு இல்லை, கணவனின் சுவெற்றர்.

"அக்கா, 'விரும்பினேன்' எண்டு மாத்திப்போடுங்கோ."

"ஏன்?"

"உங்களுக்குப் பிள்ளை இல்லையெண்டு எனக்குத் தெரியாதக்கா. இவர்தான் ராத்திரிச் சொன்னவர். இங்க எல்லாருக்கும் தெரியுமாம், ஒருத்தரும் உங்களிட்ட அப்பிடிச் சொல்லமாட்டினமாம். தெரிஞ்சிருந்தா உங்கட முகத்துக்கு நேர அப்பிடிச் சொல்லியிருப்பனே?"

கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்து மூடினாள்.

நான் பதிலை மாற்றவில்லை. உள்ளே போய், தமிழ் சரி, கேட்கிற ஆளை மாற்றுங்கள் என்று கத்தரினிடம் சொன்னேன்.