இருபது கேள்விக்குறிகள்

"என் பேரை அடிச்சிடுங்க சார். இந்தப் பாட்டு என்னோடது இல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வந்தவரை நிமிர்ந்து பார்த்தார். இசைத்தட்டுக் கம்பெனி திவாலாகி, கோர்ட் அவரை இங்கே உட்கார வைத்து ஒரு மாதம் ஆகிறது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் 'என் பாட்டு, என் பாட்டு' என்று மேசையைத் தட்டியவர்கள்தான். வேண்டாம் என்று வந்து நிற்கிற முதல் ஆள் இவர்.

"ஒப்பந்தத்தைப் படிச்சீங்களா? கம்பெனி மூடினா உரிமை எழுதினவங்களுக்கே திரும்பிடும். ஒரு கையெழுத்துப் போட்டா பாட்டு உங்களுக்கு. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் கெடு. விட்டா, நாளைக்கு வேற கம்பெனிக்குப் போயிடும். காலத்துக்கும் உங்க பேர்லயே."

"அதுக்குத்தான் ஓடி வந்தேன் சார். என் பேரோட போகக் கூடாது."

அதிகாரிக்கு ஆவல் தாங்கவில்லை. திரும்பி, பாட்டின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார். "அந்த ஃபைலைக் கொஞ்சம் எடுங்கம்மா."

கூரை வரை அடுக்கியிருந்த ஃபைல்களின் இடுக்கு வழியே ஒரு கை மட்டும் நீண்டு, கொடுத்துவிட்டு மறைந்தது.

"கம்பெனியில பல வருஷமா ஃபைல் பார்க்கிறவங்க. கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்ச மாதிரி அவ்வளவு வேகம். ஆனா வாயைத் திறந்து நான் பார்த்ததில்ல" என்று சிரித்தார் அதிகாரி.

மற்ற ஃபைல்களைத் திறந்தால் தும்மல் வரும். இதில் பொட்டுத் தூசி இல்லை. வருடா வருடம் சரிபார்த்த தேதி முத்திரைகள் கடைசிப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும், 'எழுதியவர்' என்று வந்தவரின் பெயர், அதன்மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. எண்ணினார். இருபது.

"எவனோ ஒரு ஆடிட்டர் உங்களை நம்பவே இல்ல போல. யாருங்க நிஜமா எழுதினது?"

வந்தவர் பையிலிருந்து மட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

"என் தங்கச்சி. எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டாங்க. துணிப்பெட்டிக்கு அடியில இதை ஒளிச்சு வெச்சு எழுதுவா. நான் திருடிட்டு வந்து என் பேர்ல கொடுத்துட்டேன். பாட்டு ரேடியோவுல வந்த அன்னிக்கு வீடே என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடிச்சு. அவ ஒரு வார்த்தை சொல்லல. விடிஞ்சு பார்த்தா ஆளைக் காணோம்."

"தேடலையா?"

"தையல் கடை, ஆஸ்பத்திரி, ஹாஸ்டல்னு தேடாத இடம் இல்ல. இந்தக் கம்பெனிப் பக்கம் மட்டும் வரல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது?"

அதிகாரி நோட்டைப் புரட்டினார். அடித்து அடித்துத் திருத்திய வரிகள். பாட்டு அதில்தான் பிறந்திருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

"நீங்க வேணாம்னு சொன்னா மட்டும் போதாதுங்க. எழுதினவங்க நேர்ல வரணும். இந்த நோட்டோட கையெழுத்தை ஒத்துப் பார்த்துட்டு மாத்திடலாம். ஆனா மணி நாலே முக்கால்."

"கால் மணி நேரத்துல எங்க போய்த் தேடுவேன் சார்?" வந்தவரின் குரல் உடைந்தது. "இனிமே அவ பாட்டு அவளுக்கு இல்லையா?"

அதிகாரி பெருமூச்சு விட்டு ஃபைலை மூடப் போனார்.

அடுக்கின் இடுக்கு வழியே அதே கை மறுபடி நீண்டது. ஒரு கட்டைப் பென்சிலை மேசையில் வைத்தது. உள்ளே போகவில்லை. விரித்த உள்ளங்கையோடு காத்திருந்தது.

"பென்சில் செல்லாதுண்ணா. உன் பேனாவைக் கொடு."